டிஸ்க் உங்களுக்கு, டிரே எங்களுக்கு

போன வாரம் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஓர் அலுவலகத்திலிருந்து இரண்டு சர்வர்களை எடுத்து வந்தேன். இரண்டும் டெல் பவர்எட்ஜ் ஆர்720. ஏசி அறையில் ரேக்குக்குள்ளேயே இருந்த மிஷின்கள், மேல் மூடியைத் திறந்தால் மதர்போர்டில் விரல் வைத்துத் துடைக்கிற அளவுக்குக்கூடத் தூசி இல்லை. முன்பக்கம் மட்டும் எட்டு எட்டாக 16 ஓட்டை. டிஸ்க்கை அழிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவாம், அதனால் டிஸ்க்குகளை டிரேயோடு உருவி, டிரேயோடு சேர்த்தே டிரில் போட்டு, சாக்கில் கட்டி மூலையில் வைத்திருந்தார்கள். டிஸ்க்கை அழித்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அது அவர்கள் தரவு, அவர்கள் பொறுப்பு. ஆனால் ஒரு டிரேக்கு நாலு ஸ்குரூதான். ஸ்குரூடிரைவரோடு ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் 64 ஸ்குரூவும் கழன்றிருக்கும், இரண்டு சர்வரும் இந்நேரம் யாராவது ஒரு பையன் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.

டிரே என்றால் தெரியாதவர்களுக்காக: சர்வரில் ஹார்டு டிஸ்க்கை நேரடியாகச் செருக முடியாது. ஒரு இரும்புச் சட்டத்தில் டிஸ்க்கை வைத்து முடுக்கி, அந்தச் சட்டத்தை முன்பக்கம் தள்ளினால் கடைசியில் கைப்பிடி மடங்கிப் பூட்டிக்கொள்ளும், பின்னால் இருக்கிற கனெக்டரில் டிஸ்க் சரியாகப் போய் உட்காரும். சட்டம் இல்லாமல் டிஸ்க்கைக் கையால் தள்ளினால் அது தொங்கும், ஒரு நாள் கனெக்டரை உடைக்கும். இவ்வளவு பெரிய மிஷினை ஒன்றுக்கும் ஆகாமல் செய்வது இந்தச் சின்னச் சட்டம்தான், அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் பாளையங்கோட்டையில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். அலுவலகங்கள் கழித்துக்கட்டுகிற சர்வர், ஸ்விட்ச், யுபிஎஸ் எல்லாவற்றையும் கேட்டு வாங்கி, சுத்தம் செய்து, வீட்டில் வைத்துக் கற்றுக்கொள்ள நினைக்கிறவர்களுக்குக் கைமாற்றி விடுவதைச் சில வருஷங்களாகச் செய்து வருகிறேன். தொழில் இல்லை. டவுன், மேலப்பாளையம், பேட்டை, அம்பாசமுத்திரம், திசையன்விளை என்று நம்ம பக்கத்திலேயே இதற்கு ஆள் இருக்கிறது. பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள், கேபிள் டிவியிலிருந்து இன்டர்நெட் கொடுக்க மாறியவர்கள், சிசிடிவி மாட்டுகிறவர்கள்.

அலுவலகங்கள் ஏன் நல்ல மிஷினைக் கழிக்கின்றன என்று பலருக்கு சந்தேகம் வருகிறது, ஏதோ பழுது இருக்கும் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. வாரண்டி முடிந்துவிடும், ஏஎம்சி என்கிற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் போட யாரும் முன்வர மாட்டார்கள், அல்லது புது மென்பொருள் பழைய பிராசசரை ஏற்காது. ஆர்720 என்பது 2012-இல் வந்த மாடல். இரண்டு ஜியான் பிராசசர், 24 மெமரி ஸ்லாட், பிழையைத் தானே திருத்திக்கொள்கிற ஈசிசி மெமரி, ஒரு பவர் சப்ளை போனாலும் இன்னொன்று தாங்குகிற ஏற்பாடு. வங்கிக்கு இது பழசு. கணினி படிக்கிற ஒரு மாணவனுக்கு அப்படி இல்லை.

லேப்டாப்பில் விர்ச்சுவல் மிஷின், அதாவது மென்பொருளாலேயே ஆன ஒரு கம்ப்யூட்டர், போட்டுக் கற்றுக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். கற்றுக்கொள்ளலாம், நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஆனால் மானிட்டரே இல்லாமல், இன்னொரு அறையில் உட்கார்ந்துகொண்டு, டெல் சர்வருக்குள்ளேயே தூரத்திலிருந்து இயக்குவதற்கென்று இருக்கிற ஐடிராக் வழியாக ஒரு மிஷினை அணைத்து, ஏற்றி, அதற்குள் புதிதாக இயங்குதளம் நிறுவுவது லேப்டாப்பில் வராது. ஓடுகிற மிஷினிலிருந்து ஒரு டிஸ்க்கை உருவிவிட்டு, ஆரஞ்சு விளக்கு மினுங்குவதைப் பார்த்து, வேறு டிஸ்க்கைச் செருகி, பல டிஸ்க்கை ஒரே தொகுப்பாகச் சேர்க்கிற ரெய்டு மறுபடி கட்டப்படுகிற வரை காத்திருப்பது லேப்டாப்பில் வராது. இதையெல்லாம் ஒரு தடவை சொந்தக் கையால் செய்த பையன் சென்னையிலோ பெங்களூரிலோ இன்டர்வியூவில் உட்காரும்போது பேசுகிற விதமே வேறாக இருக்கும். நான் இந்த வேலையை விடாமல் செய்வதற்கு அதுதான் காரணம்.

இதற்கு முன்னால் விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஒரு தம்பி சர்வர் வாங்க வந்தான், பாலிடெக்னிக் மூன்றாம் வருஷம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். டிஸ்க்கோடு சேர்த்தால் அந்த மிஷின் முப்பது கிலோ பக்கம் வரும், அதைத் தனியாகத் தூக்க முடியாது. அவன் அப்பா ஒரு பழைய கோரைப்பாயைக் கையோடு கொண்டு வந்திருந்தார். சர்வரை அதில் வைத்துச் சுருட்டி, தேங்காய்க் கயிற்றால் இரண்டு பக்கமும் கட்டி, தெருவில் நின்ற குட்டியானையில் ஏற்றினோம். நான் தெர்மோகோல் எடுத்து வைத்திருந்தேன், அது வேண்டியிருக்கவில்லை. கட்டுகிறதற்கு முன்னால் டிஸ்க்கை எல்லாம் தனியாக எடுத்து, எந்த டிஸ்க் எந்த இடம் என்று மார்க்கரால் எண் போட்டு, துணியில் சுற்றி அவன் மடியில் கொடுத்தேன். பாபநாசம் ரோட்டில் அத்தனை வேகத்தடையிலும் டிஸ்க்கு சர்வருக்குள் இருக்கக் கூடாது.

அன்றைக்கு ராத்திரி போன் வந்தது. பவர் பட்டனை அழுத்தியதும் ஆறு மின்விசிறியும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் சுற்றும், முதல் ஒரு நிமிஷம் அப்படித்தான் இருக்கும், நான் சொல்லியும் இருந்தேன். ஆனால் அவனுடைய ஆச்சியிடம் யாரும் சொல்லவில்லை. தாத்தா மில்லில் வேலை பார்த்தவர், ஆச்சிக்கு அந்தச் சத்தம் நல்லாத் தெரியும். அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "ஏல, என்னல இது, வீட்டுக்குள்ள மில்லு ஓட்டுத?" என்றாளாம். கொஞ்ச நேரத்தில் விசிறி அடங்கியதும் சரி என்று போய்விட்டாள். அதிலிருந்து தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு, "மில்ல நிப்பாட்டிட்டுப் படு" என்று சொல்வாளாம்.

சத்தம் பழகிவிடும், அல்லது மச்சிக்கு, அதாவது மாடிக்கு, கொண்டுபோய் விடலாம். கரண்டு பில் அப்படி இல்லை. இங்கே நான் ஒரு தப்பு செய்திருக்கிறேன், அதைச் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு சர்வர் கொடுத்தேன், எவ்வளவு கரண்டு இழுக்கும் என்று சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்த அப்பா அதைத் திரும்ப என் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை, "தம்பி, நமக்கு இது கட்டாது" என்றார், அவ்வளவுதான். அந்தப் பையன் அதற்குப் பிறகு என்னிடம் பேசவே இல்லை.

கணக்கு ரொம்பச் சுலபம். இரண்டு பிராசசர் போட்ட ஆர்720 ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருந்தாலே 100 முதல் 150 வாட் வரை இழுக்கும். 120 என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 24 மணி நேரம், 60 நாள்: 172 யூனிட்டைத் தாண்டிவிடும். நம் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதலில் ஓர் அளவு யூனிட்தான் இலவசம், அதற்கு மேல் போகப்போகப் படிப்படியாக விலை ஏறும். அதாவது இந்த ஒரு மிஷினே அந்த இலவசத்தை விழுங்கிவிடும், வீட்டில் ஓடுகிற மற்ற எல்லாவற்றையும் மேல்படிக்குத் தள்ளும். இப்போதெல்லாம் யாருக்குக் கொடுத்தாலும் அந்த வீட்டில் கரண்டு பில் கட்டுகிறவரிடம் நேரில் இந்தக் கணக்கைச் சொல்லாமல் கொடுப்பதில்லை. படிக்கிற நேரம் மட்டும் போட்டு அணைத்தால், தினம் மூன்று மணி நேரம் என்றால், அதே 60 நாளில் 22 யூனிட் கூட வராது. இன்னொரு வழி, ஒரு பிராசசரையும் அதைச் சேர்ந்த மெமரியையும் கழற்றிவிடுவது. சில கார்டு ஸ்லாட்டுகள் வேலை செய்யாமல் போகும், வீட்டுக்கு அது ஒரு குறையே இல்லை. கழற்றும்போது சாக்கெட்டில் இருக்கிற ஊசிகள் மேல் விரல் படக்கூடாது, ஒன்று வளைந்தால் போர்டு போச்சு, பிளாஸ்டிக் மூடி இருந்தால் உடனே போட்டுவிட வேண்டும்.

உண்மையைச் சொன்னால், பாதிப் பேருக்கு சர்வரே வேண்டாம். முதலில் ஒரு நல்ல மேனேஜ்டு ஸ்விட்ச் போதும், அதில் விலான் என்கிற தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரித்து, கேமராவுக்கு ஒரு வழி, வீட்டுப் போன்களுக்கு ஒரு வழி, விருந்தாளிக்கு ஒரு வழி என்று போட்டுப் பார்த்தாலே ஆறு மாதப் பாடம் கிடைக்கும். ஒரு பழைய டெஸ்க்டாப்பில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு போட்டு ஓபிஎன்சென்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் ஃபயர்வாலும் ஆயிற்று. அதைச் செய்துவிட்டு வருகிறவர்களுக்குத்தான் நான் சர்வர் கொடுக்கிறேன், அவர்களுக்குத்தான் எதற்கு வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

இனி கொடுக்கிற அலுவலகங்களுக்கு. நீங்கள் பயப்படுவது தரவைப் பற்றி, அது நியாயமான பயம். ஒரு தடவை தச்சநல்லூர்ப் பக்கம் பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய ஒரு சர்வரை வீட்டில் ஏற்றினேன், பாஸ்வேர்டுகூடக் கேட்காமல் உள்ளே போய்விட்டது. டெஸ்க்டாப்பிலேயே சம்பளப் பட்டியல். பெயர், வங்கிக் கணக்கு எண், பிடித்தம் எல்லாம். அடுத்த நிமிஷம் அணைத்துவிட்டு, அழிக்கிற பென்டிரைவைச் செருகினேன், ஆனால் அந்தக் கடையில் எனக்கு முன்னால் வேறொருவர் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன். அதனால் டிஸ்க்கைக் கொடுக்க மாட்டோம் என்று சொல்கிற அலுவலகத்தோடு நான் வாதாடுவதே இல்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், துளை போடுங்கள், சுத்தியலால் அடியுங்கள். டிரேயை மட்டும் கழற்றிக் கொடுங்கள்.

டிஸ்க்கோடு கொடுக்க மனசு இருந்தால், டிலீட் செய்வதும் ஃபார்மேட் போடுவதும் அழிப்பது ஆகாது. என்வைப் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, பென்டிரைவிலிருந்து ஏற்றி முழு டிஸ்க்கையும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை எழுதி அழிக்கலாம். சுழல்கிற டிஸ்க்குக்கு ஒரு சுற்று போதும், 2 டிபி டிஸ்க் என்றால் நாலு மணி நேரம் பக்கம் ஆகும், எட்டையும் ஒரே நேரத்தில் ஓட விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். எஸ்எஸ்டி என்றால் அதற்கென்று உள்ளேயே இருக்கிற செக்யூர் எரேஸ் கட்டளைதான் சரி, மேலே எழுதுவது எல்லா இடத்தையும் தொடாது. ரெய்டு கார்டு இருந்தால் டிஸ்க்குகள் தனித்தனியாகத் தெரியாது, தொகுப்பாக ஒன்றுதான் தெரியும், அப்போது உதிரியாக வைத்திருந்த டிஸ்க் ஒன்று அழியாமல் தப்பிவிடும். நான் டிஸ்க்குகளை வேறு மிஷினில் சாதாரண கார்டில் மாட்டி, அலுவலகத்து ஆள் பக்கத்தில் இருக்கும்போதே அழிக்கிறேன், முடிந்த திரையைப் போட்டோ எடுத்து ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் எண்ணோடு எழுதிக் கொடுக்கிறேன். அவர்கள் கோப்பில் வைக்க ஒரு தாள் வேண்டும், அந்தத் தாள் கிடைத்தால் பாதிப் பயம் போய்விடுகிறது.

டிஸ்க்குக்கு வெளியேயும் தகவல் இருக்கிறது, அதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஐடிராக்கிலும், எச்பி சர்வரில் அதே வேலையைச் செய்கிற ஐஎல்ஓவிலும் உங்கள் ஐபி முகவரி, மெயில் சர்வர், பயனர் பெயர் இருக்கும். ஸ்விட்சில் முழு கான்ஃபிகரேஷனும் இருக்கும், விலான் பெயரைப் பார்த்தாலே எந்த மாடியில் எந்தப் பிரிவு என்று சொல்லிவிடலாம். கொடுப்பதற்கு முன்னால் ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள். வாங்குகிறவனுக்கும் அது நல்லது: ரீசெட் செய்யாத ஐடிராக்கில் பாஸ்வேர்டு தெரியாமல் மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, அந்தக் காலத்து டெல் மிஷின் எல்லாவற்றிலும் தொடக்கத்தில் இருக்கிற ரூட், கால்வின் என்ற ஜோடியைப் போட்டு உள்ளே போய், முதல் வேலையாக அதை மாற்றிக்கொள்ளலாம். சிஸ்கோ ஸ்விட்ச் என்றால் அந்த வெளிர்நீல கன்சோல் கேபிளைத் தயவுசெய்து கூடவே போடுங்கள். ரேக்கில் கட்டுகிற ரெயில், முன்மூடியின் சின்னச் சாவி, பிராசசர் மேல் காற்றைத் திருப்பிவிடுகிற கறுப்பு பிளாஸ்டிக் கூடு, காலி டிஸ்க் இடத்தை அடைக்கிற மூடி, இவை எல்லாம் குப்பை மாதிரித்தான் தெரியும். அந்தக் கறுப்புக் கூடு இல்லாமல் ஓட்டினால் காற்று பிராசசர் பக்கம் போகாது, விசிறி கத்திக்கொண்டே இருக்கும்.

டிஸ்க்கு வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. சர்வருக்கென்றே வருகிற எஸ்ஏஎஸ் டிஸ்க், வீட்டு டெஸ்க்டாப்பில் வழக்கமாக இருக்கிற சாட்டா முனையில் சேராது, மாற்றிப் போட்டால், அதாவது சாட்டா டிஸ்க்கை சர்வரில் போட்டால் சேரும். பெரிய ஸ்டோரேஜ் பெட்டிகளிலிருந்து கழற்றிய சில டிஸ்க்குகள் 512 பைட்டுக்குப் பதிலாக 520 பைட் செக்டாரில், அதாவது தரவைப் பிரித்து எழுதுகிற துண்டுகளில், இருக்கும், லினக்ஸ் டிஸ்க்கைக் காட்டும், ஆனால் பயன்படுத்த விடாது. செத்த டிஸ்க் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எஸ்ஜி ஃபார்மேட் என்ற கட்டளையால் 512-க்கு மாற்றலாம், மணிக்கணக்கில் ஓடும், நடுவில் கரண்டு போகக் கூடாது.

நம்ம ஊருக்கென்று சில விஷயங்கள் உண்டு. ஆர்720 தொடர்ந்து ஓடுவதற்கு டெல் சொல்லியிருக்கிற வெப்பநிலை 10 முதல் 35 டிகிரி வரை. பாளையங்கோட்டையில் சித்திரை வைகாசியில் ஓட்டு வீட்டு மச்சியில் 35 டிகிரி என்பது காலை பத்து மணிக்கே தாண்டிவிடும். அந்த இரண்டு மாதம் பகலில் ஓட்டாதீர்கள், ராத்திரி ஓட்டுங்கள். சர்வரைத் தூரத்திலிருந்து கட்டுப்படுத்துகிற ஐபிஎம்ஐ கட்டளையால் விசிறி வேகத்தைக் குறைத்து வைத்திருக்கிறவர்கள் முக்கியமாக அந்த மாதங்களில் பழையபடி தானியங்கிக்கு மாற்றிவிடுங்கள். உவரி, கூத்தன்குழி மாதிரிக் கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் மெமரியின் பொன்முலாம் பூசிய விளிம்பு மங்கிப்போகும், வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துப் போட்டால் போதும். ஐப்பசி கார்த்திகையில் இடி இடித்தால் பிளக்கை மட்டுமில்லை, ஃபைபர் பெட்டியிலிருந்து வருகிற லேன் கேபிளையும் உருவிவிட வேண்டும். எர்த் இல்லாத பிளக்கில் சர்வரை மாட்டவே கூடாது. ஸ்கொயர் வேவ் இன்வர்ட்டரிலும் வேண்டாம், சைன் வேவ் இருந்தால் மாட்டலாம்.

அப்புறம் வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஜங்ஷனுக்குள் வந்தபோது தரைத்தளத்தில் இருந்த மிஷின்கள் பல தண்ணீர் குடித்தன. காய வைத்து, துடைத்து, ஓடுகிறது என்று விற்கிறவர்கள் உண்டு. ஓடும்தான், சில மாதம். பவர் சப்ளைக்குள் காய்ந்த வண்டல் இருந்தால் அது தீப்பிடிக்கிற சமாச்சாரம். தண்ணீர் புகுந்த மிஷின் என்றால் வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டும், பவர் சப்ளையைக் கைமாற்றவே கூடாது. வாங்குகிறவர்கள் மூடியைத் திறந்து, ஸ்குரூக்களின் தலையில் துரு இருக்கிறதா, ஸ்லாட்டுகளின் இடுக்கில் செம்மண் கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

விலை பற்றி ஒரு வார்த்தை. சில அலுவலகங்களில் வாங்கிய பில்லை எடுத்து வைத்துக்கொண்டு, இத்தனை லட்சம் கொடுத்தோம், அதில் பத்தில் ஒரு பங்காவது வேண்டும் என்று கேட்கிறார்கள். யாரும் தரமாட்டார்கள், மிஷின் இன்னும் ஒரு வருஷம் மூலையில் கிடக்கும், கடைசியில் எடைக்குத்தான் போகும். எடைக்குப் போனால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான், உத்தரப் பிரதேசத்து மொராதாபாத் மாதிரி இடங்களில் போர்டை எரித்தும் அமிலத்தில் போட்டும் செம்பையும் தங்கத்தையும் எடுத்து, மிச்சத்தை ஆற்றில் விட்டிருக்கிறார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் புதிய மின்கழிவு விதிகள் நடைமுறையில் இருக்கின்றன, ஆயிரமும் அதற்கு மேலும் கருவிகள் வைத்திருக்கிற பெரிய நிறுவனங்கள் பதிவு பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும், அவர்களிடம் நான் போய்க் கேட்பதில்லை. நான் சொல்வது நாலு சர்வர், பத்து கம்ப்யூட்டர் வைத்திருக்கிற சின்ன அலுவலகங்களைப் பற்றி. இரும்புக் கடை விலையைவிடக் கொஞ்சம் கூட வாங்கிக்கொண்டு, ஓடுகிற மிஷினாகக் கொடுங்கள்.

வண்ணார்பேட்டை மிஷின்கள் என்ன ஆயின என்றால், சாக்கை அவிழ்த்துப் பார்த்ததில் 16 டிரேயில் ஒன்றுகூடத் தேறவில்லை. தச்சநல்லூர்க் கடைக்குப் போனேன். "அண்ணாச்சி, டெல் டிரே ஏதும் கெடக்கா?" என்று கேட்டேன். "அந்தா அந்தச் சாக்குல கெடக்கும், பாருங்க தம்பி" என்றார். மதியம் வரை கிளறியதில் ஐந்து கிடைத்தது, பழைய ஆர்710-இன் டிரேதான், ஆர்720-க்கும் அதே டிரே சேரும். மீதி மூன்றை விக்கிரமசிங்கபுரத்துத் தம்பி அவன் கல்லூரி 3டி பிரிண்டரில் போட்டுக் கொண்டு வந்தான். முதலில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் போட்டிருந்தான், அது 60 டிகிரி பக்கத்திலேயே இளகத் தொடங்கும், டிஸ்க்கு சூட்டுக்குப் பக்கத்தில் அது வேண்டாம் என்று சொன்னேன். மறுநாளே இன்னும் சூடு தாங்குகிற பிஇடிஜி பிளாஸ்டிக்கில் போட்டு எடுத்து வந்துவிட்டான். கைப்பிடி பூட்டவில்லை, ஆனால் டிஸ்க் ஆடாமல் உட்காருகிறது.

ஆக எட்டு டிரேயோடு ஒரு சர்வர் தயார், சனிக்கிழமை சேரன்மகாதேவியில் ஒரு பிள்ளைக்குப் போகிறது. அவளுடைய அம்மாவிடம் கரண்டுக் கணக்கைச் சொல்லிவிட்டேன். இன்னொன்று இன்னும் டிரே இல்லாமல் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, ஆர்710-ஓ ஆர்720-ஓ கழித்துக்கட்டப் போகிற அலுவலகம் யாராவது இருந்தால், ஸ்குரூடிரைவரோடு நானே வந்து கழற்றிக்கொள்கிறேன்.